கலவையில் கைச்சரக்கு வேண்டாம்

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)



எர்ணாவூரில் இருந்து மணலிப் பக்கம் போய்வருகிறவர்களுக்குக் கொள்கலன் லாரிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற வண்டியும் வருகிற வண்டியுமாக இரவு பகல் பாராமல் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கொள்கலன்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் எல்லோரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அந்த மாதம் 4-ந் தேதி, கடல் கடந்து லெபனான் நாட்டில், பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் இருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போதுதான் நம் மணலியிலும் அதே சரக்கு 37 கொள்கலன்களில் ஏறக்குறைய 700 டன் கிடக்கிறது என்ற செய்தி வெளியே வந்தது. உர ரகம் என்று சொல்லி இறக்குமதி செய்யப்பட்டு, வெடிமருந்து ரகம் என்று 2015-ல் சுங்க இலாகா பறிமுதல் செய்து வைத்திருந்த சரக்கு அது. சுற்றுவட்டார ஜனங்கள் பயந்துபோனார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே லாரி லாரியாக ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதைத் தொட்டு மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து விவசாயிகள் பலர் கேட்ட கேள்வி இது: "ஏன் சார், நாம வயல்ல போடுற உரமும் இப்படி வெடிக்குமா? வீட்டுத் தாழ்வாரத்துல நாலு மூட்டை அடுக்கி வெச்சிருக்கோமே?"

பயப்பட வேண்டாம். நீங்கள் வாங்குகிற யூரியாவும், சூப்பர் பாஸ்பேட்டும், பொட்டாஷும், டி.ஏ.பி.யும் அந்த ஜாதி இல்லை. அம்மோனியம் நைட்ரேட்டைத் தனியாக வைத்திருக்கவும் விற்கவும் 2012-ஆம் ஆண்டு தனி விதிகளே வந்துவிட்டன. அதற்கு உரிமம் வேண்டும். உரக்கடையில் அதை மூட்டையாக வாங்க முடியாது. வயலுக்கென்று வரும்போது சுண்ணாம்புக்கல் தூளோடு சேர்த்துக் குருணையாக்கி, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்ற பெயரில் வரும். ஒரே சரக்கு, தனியாக இருந்தால் ஒரு குணம், தகுந்த துணையோடு தகுந்த அளவில் சேர்ந்தால் வேறு குணம். இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். கலவை என்பது அதில் சேர்ந்த சாமான்களின் கூட்டல் கணக்கு அல்ல. ஒரு சாமானை மாற்றினால் கலவையே வேறாகிவிடும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஜெர்மனி தேசத்தில் ஓப்பாவ் என்ற ஊரில் பெரிய உரத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே அம்மோனியம் சல்பேட்டையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் கலந்து உரமாகச் செய்து, மலைபோல் கிடங்கில் குவித்து வைப்பார்கள். நம் வீட்டு யூரியா மூட்டை மழைக்காலத்தில் கட்டி தட்டிப்போகிறதல்லவா, அதே மாதிரி அந்தக் குவியல் பாறையாக இறுகிவிடும். நாம் கட்டையால் நாலு தட்டுத் தட்டி உடைக்கிறோம். அவர்களுக்கோ ஆயிரக்கணக்கான டன். அதனால் சின்னச் சின்ன வெடி வைத்து உடைப்பது வழக்கம். உரத்துக்கே வெடியா என்று கேட்பீர்கள். அவர்கள் முன்யோசனை இல்லாமல் செய்யவில்லை. இந்த விகிதத்தில் கலந்தால் வெடிக்காது என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. ஆயிரக்கணக்கான தடவை அப்படி உடைத்தும் ஒன்றும் ஆகவில்லை.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி காலையில் ஆகிவிட்டது. சுமார் 4,500 டன் இருந்த கிடங்கில் ஒரு பகுதி வெடித்து, ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கிடங்கு இருந்த இடத்தில் ஏரி மாதிரி ஒரு பள்ளம்தான் மிச்சம். வெடி வைத்தவர்களும் மிஞ்சவில்லை. பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். கலவையை உலர்த்தும் முறையைக் கொஞ்ச காலம் முன்புதான் மாற்றியிருந்தார்கள். அதனால் ஈரம் குறைந்தது, குருணையின் பதம் மாறியது, ஒரு மூலையில் ஒரு சரக்கு கூடுதலாகவும் மற்றொரு மூலையில் குறைவாகவும் சேர்ந்தது. பெயர் அதே பெயர், சாமான் அதே சாமான், சொன்ன விகிதமும் அதே விகிதம். ஆனால் சோதித்துப் பார்த்த கலவை அதுவல்ல. பழைய சோதனையை நம்பிக்கொண்டு புதுக் கலவையில் வெடி வைத்துவிட்டார்கள்.

"இத்தனை நாளா இப்படித்தானே செய்யறோம், ஒண்ணும் ஆகலையே" என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓப்பாவ்தான் ஞாபகம் வரும்.

வெடி என்று பேச்சு வந்ததால் துப்பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். நம் கடலோரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொற்பம். மலையோர மாவட்டங்களில் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று வைத்திருக்கும் குடியானவர்கள் உண்டு. அவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தோட்டா ஒன்றைப் பிரித்தால் ஐந்து சாமான்கள்: வெளிக்கூடு, அடியில் கேப்பு, மருந்து, மருந்துக்கு மேல் அடைப்பு, அதற்கும் மேல் ஈய ரவை. அமெரிக்கா போன்ற தேசங்களில் சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பி உபயோகிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே மருந்துக் கம்பெனிக்காரர்கள் அதற்கென்று அட்டவணைப் புத்தகம் போடுகிறார்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு கலவை. இந்தக் கூடு, இந்தக் கேப்பு, இந்த மருந்து இவ்வளவு எடை, இந்த அடைப்பு, இவ்வளவு ரவை என்று ஐந்தும் சேர்த்து எழுதியிருக்கும். அழுத்தம் அளக்கும் கருவி பொருத்திய தனிக் குழலில் சுட்டுப் பார்த்த பிறகே அந்த வரியை அச்சடிக்கிறார்கள். அங்கே அனுபவப்பட்டவர்கள் புதுசாகக் கற்றுக்கொள்கிறவனிடம் முதலில் சொல்வது, வரியில் இருப்பதை அப்படியே செய், ஒன்றையும் மாற்றாதே என்பதுதான்.

அடைப்பை மாற்றினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றும். பழைய அட்டை அடைப்பில் கொஞ்சம் காற்று கசியும். பிளாஸ்டிக் அடைப்பு கிண்ணம் மாதிரி விரிந்து இறுக்கிப் பிடிக்கும். அதே மருந்துக்கு உள்ளே அழுத்தம் ஏறிவிடும். மருந்தை மாற்றுவது அதைவிட மோசம். கருமருந்துக்கு வைத்திருந்த அளவுக் கரண்டியால் புகையற்ற மருந்தை அள்ளிப் போட்டவர்களின் துப்பாக்கிக் குழல் வெடித்து, விரலும் கண்ணும் போன கதைகள் உலகம் முழுவதும் உண்டு. கரண்டி ஒன்றுதான், மருந்தின் வேகம் ஒன்றல்ல. உள்ளே ஏறும் அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்தும் சொல்ல முடியாது. நாலு தோட்டா ஒழுங்காகப் போய் ஐந்தாவது குழலைப் பிளக்கும்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள், உரிமத்தில் கண்ட எண்ணிக்கைக்கு உரிமம் பெற்ற கடையில் தோட்டா வாங்குங்கள். யாரோ நிரப்பிக் கொடுத்ததை வாங்காதீர்கள். பன்றிக்கென்று அவுட்டுக்காய் உருட்டி வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பன்றிக்கு வைத்ததை மேய்ச்சல் மாடு கடித்து வாய் கிழிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

துப்பாக்கி உள்ளவர்கள் சிலரே. ஆனால் தெளிப்பான் இல்லாத விவசாயி வீடு ஏது? மேலே சொன்ன விதி அப்படியே நம் வாளிக்கும் டேங்குக்கும் பொருந்துகிறது.

முதலில் போர்டோ கலவையை எடுத்துக்கொள்கிறேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. வெற்றிலைக் கொடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்; நாற்றழுகலுக்கு மிளகாய், கத்தரி நாற்றங்காலில் ஊற்றுகிறவர்களும் உண்டு. இந்தக் கலவை பிறந்த கதையே வேடிக்கை. பிரான்சு தேசத்தில் போர்டோ பக்கத்தில் சாலையோரத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து ஓரக் கொடிகளில் பூசி வைப்பார்களாம். விஷம் போல நீலமாகத் தெரியுமல்லவா? 1882-ல் மில்லார்தே என்ற பேராசிரியர் அந்தப் பக்கம் போனபோது, பூசிய கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைக் கண்டார். அடிச்சாம்பல் நோய் மற்றக் கொடிகளை மொட்டையாக்கியிருந்தது. திருடனுக்குப் பயந்து செய்தது நோய்க்கு மருந்தானது. ஆனால் அவர் அன்றைக்கே எல்லோரையும் தெளிக்கச் சொல்லிவிடவில்லை. எவ்வளவு துத்தம், எவ்வளவு சுண்ணாம்பு, எப்படிக் கலப்பது என்று சோதனை செய்து, 1885-ல்தான் முறையை வெளியிட்டார்.

நூற்றுக்கு ஒன்று வீதம் தயாரிப்பதற்கு 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பு. துத்தத்தைத் துணியில் முடிந்து 50 லிட்டர் தண்ணீரில் தொங்கவிட்டால் கரைந்துவிடும். சுண்ணாம்பை வேறு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, மீதித் தண்ணீர் சேர்த்து 50 லிட்டராக்கி, சாக்குத் துணியில் வடிகட்டுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். குனிந்து பார்க்காதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக்கொண்டே கட்டையால் கலக்க வேண்டும். மாற்றி, துத்தத்தில் சுண்ணாம்பை ஊற்றக்கூடாது. ஆள் இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றலாம், அதுவும் சரி. பாத்திரம் மண், மரம், பிளாஸ்டிக் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். இரும்பு வாளியும் தகர டின்னும் உதவாது.

இப்போது கைச்சரக்கு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். துத்தத்தைக் கடையில் நிறுத்து வாங்கிவிடுகிறோம். சுண்ணாம்பு? "வெள்ளையடிக்க வாங்கினது அரை மூட்டை கிடக்குது சார், அதையே போட்டுட்டேன்" என்பார்கள். ஆறு மாதம் மூட்டையில் கிடந்த சுண்ணாம்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தானாகவே நீற்றுப் பொடியாகிவிடும். இன்னும் நாளானால் காரம் போய் வெறும் சுண்ணாம்புக்கல் தூளுக்குச் சமமாகிவிடும். எடைக்கு ஒரு கிலோ இருக்கும், வேலைக்கு அரைக்கிலோகூட இருக்காது. அப்போது துத்தம் முழுதும் அடங்காமல் எஞ்சி நின்று இலையைக் கருக்கும். நம் பக்கத்தில் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பேர் உண்டு. கிளிஞ்சலோ கல்லோ, சூளையில் இருந்து புதிதாக வந்த கட்டியாக, தண்ணீர் பட்டால் சீறுவதாக இருக்க வேண்டும். நீற்றிய நல்ல பொடிதான் கிடைக்கிறது என்றால் ஒரு கிலோவுக்குப் பதில் ஒன்றே கால் கிலோவுக்கு மேல், மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் போட வேண்டியிருக்கும். இதெல்லாம் குழப்பமாக இருந்தால் ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. நன்றாகத் தீட்டிய அரிவாளையோ கத்தியையோ கலவையில் சில நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு நிறத்தில் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்துக் கலக்கி மறுபடி முக்குங்கள். படியாமல் வந்தால் தெளிக்கலாம். அன்று தயாரித்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். நாளைக்கு வைத்தால் அடியில் படிந்து வீரியம் போய்விடும்.

ஒரு பழைய கலவைக்கே சாமான், எடை, பாத்திரம், ஊற்றும் வரிசை, நேரம் என்று இத்தனை கணக்கு. ஆனால் இதில் பரீட்சை செய்து பார்க்க ஒரு அரிவாளாவது இருக்கிறது. இன்றைய பூச்சிமருந்துகளுக்கு அதுவும் இல்லை.

உரக் கலவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மோனியம் சல்பேட்டோடு சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ கலக்காதீர்கள். மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். அது அம்மோனியா. 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் குழாயில் இருந்து கசிந்து ஜனங்களை வீட்டை விட்டு ஓட வைத்ததும் அம்மோனியாதான். உங்கள் தொட்டியில் எழும் நெடி அவ்வளவு ஆபத்து இல்லை என்றாலும், காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றோடு போகிறது என்று அர்த்தம். யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலந்தால் உடனே வயலில் வீசிவிட வேண்டும். வைத்திருந்தால் நீர் விட்டுக் களியாகிவிடும். யூரியாவோடு கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் சேரவே கூடாது. நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் சிபாரிசு செய்கிறோம். அதை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தனியாகத் தூவுங்கள். ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று டி.ஏ.பி.யோடு கலந்தால் துத்தநாகமும் மணிச்சத்தும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, இரண்டுமே பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

இனி பூச்சிமருந்து. இதில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்தி வயலில் மருந்தடித்த சிலர் மாண்டார்கள். யவத்மாலில் பல காரணங்கள் ஒன்று சேர்ந்தன. செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வெயிலும் புழுக்கமும் அதிகம். கையுறையோ முகமூடியோ கிடையாது. அவற்றோடு இன்னொன்று: பூச்சி கட்டுப்படவில்லை என்று இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடித்திருக்கிறார்கள். எந்த நிபுணரும் சிபாரிசு செய்யாத கலவைகள் அவை. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் கம்பெனிக்காரர்கள் அளவு போட்டிருப்பார்கள். மூன்றையும் ஒன்றாக ஊற்றினால் பயிருக்கும் மனுஷனுக்கும் என்ன செய்யும் என்று யாரும் சோதித்ததில்லை. அந்தச் சோதனை அடித்த ஆளின் உடம்பில் நடந்தது.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? கடைக்காரரிடம் இலையைக் காட்டுகிறோம். அவர் ஒரு பூச்சிக்கொல்லி, ஒரு பூசணக்கொல்லி, கூடவே ஒரு டானிக் என்று மூன்று பாட்டில் எடுத்து வைத்து, "மூணையும் ஒண்ணா கலந்து அடிச்சிடுங்க அண்ணே" என்கிறார். கடைக்காரர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டில் அப்படிக் கலக்கச் சொல்லியிருக்கிறதா என்று கேளுங்கள். "ரெண்டு தடவை அடிச்சா ரெண்டு கூலி ஆச்சே" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நியாயமான கணக்குதான். அதற்காகவே இரண்டு மருந்து சேர்ந்த பாட்டில்களைச் சோதித்துப் பதிவு செய்து கம்பெனிக்காரர்கள் விற்கிறார்கள். உங்கள் பயிரின் பெயரும், அந்தப் பூச்சியின் பெயரும் சீட்டில் இருந்தால் அதை வாங்குங்கள். நாமே சேர்ப்பது வேண்டாம்.

சீட்டில் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் கடுமை குறையும். பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை, எல்லாமே விஷம்தான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. "ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி" என்ற கணக்கை ஒழித்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் மூடியும் ஒவ்வொரு அளவு. பழைய கைத்தெளிப்பான் 10 லிட்டர், இப்போதைய பேட்டரித் தெளிப்பான் 16 லிட்டர். எந்த மூடி, எந்த டேங்க்? மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கி, மருந்துப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள். அது சமையலறைக்குள் போகக்கூடாது. விசைத்தெளிப்பானில் ஏக்கருக்குத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். ஆகவே லிட்டருக்கு இவ்வளவு என்று மனப்பாடமாக வைத்திருக்காமல், ஏக்கருக்கு மொத்தம் எவ்வளவு மருந்து என்று சீட்டில் பார்த்துக்கொண்டு, அதை டேங்குகளுக்குப் பங்கிடுங்கள்.

சிபாரிசு செய்த கலவையாகவே இருந்தாலும் வரிசை முக்கியம். டேங்கில் பாதித் தண்ணீர் விடுங்கள். நனையும் தூள் மருந்தைத் தனியாகக் குழைத்து முதலில் ஊற்றுங்கள். எண்ணெய் போல வழிந்து, தண்ணீரில் பால் போல வெளுக்கும் மருந்து கடைசியில். பிறகு மீதித் தண்ணீர். வரிசை மாறினால் தூள் எண்ணெயில் சிக்கித் திரிந்துபோகும், முனை அடைத்துக்கொள்ளும். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். டேங்கில் ஊற்றுவதற்கு முன் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சமாகக் கலந்து அரைமணி வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். திரிந்தாலோ, ஏடு கட்டினாலோ, சூடேறினாலோ அந்தக் கலவை ஆகாது. ஆனால் திரியவில்லை என்பதற்காகக் கலவை நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தண்ணீரில் சேர்கிறது என்பதை மட்டுமே குப்பி காட்டும். இலை கருகுமா, அடிக்கிறவருக்கு ஆகுமா என்பதை அது காட்டாது.

போர்டோ கலவை காரமானது. அதோடு பூச்சிமருந்தைச் சேர்த்தால் பல மருந்துகள் சிதைந்து வீணாகும். கந்தகமும் வேப்பெண்ணெயும் சேரக்கூடாது; ஒன்று அடித்து இரண்டு வாரமாவது கழித்து மற்றது. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் எல்லாம் உயிருள்ளவை, அவற்றைச் செம்பு மருந்தோடு கலந்தால் செத்துப்போகும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை வேறு எதற்கும் தொடாதீர்கள், முடிந்தால் அதற்கென்று ஒன்று தனியாக வைத்திருங்கள். அடிக்கும்போது தலைசுற்றல், வாந்தி, கண்மணி சுருங்கிப் பார்வை மங்கல், எச்சில் ஒழுகல் ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்தி, சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-க்குச் சொல்லுங்கள். மருந்துப் பாட்டிலைச் சீட்டோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று மருந்து கலந்திருந்தால் அத்தனை பாட்டிலையும் எடுத்துப் போங்கள், வெட்கப்பட்டு ஒன்றை மறைக்காதீர்கள்.

நிலக்கடலை போட்டிருப்பவர்கள் கேட்ட தெளிப்புக் கலவையைச் சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்துச் சிபாரிசு செய்தது. ஏக்கர் கணக்கில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். டி.ஏ.பி. 1 கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம். மூன்றையும் 15 லிட்டர் தண்ணீரில் முதல்நாள் மாலை ஊறவைத்து, மறுநாள் காலை தெளிவை மட்டும் வடித்தெடுங்கள். அதோடு தண்ணீர் சேர்த்து 200 லிட்டராக்கி, பிளானோபிக்ஸ் 140 மில்லி கலந்து, விதைத்த 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும் தெளிக்க வேண்டும்.

இதிலும் சாமான் மாற்றுகிறவர்கள் உண்டு. டி.ஏ.பி. கிடைக்காத நாளில் ஏதாவது ஒரு காம்ப்ளெக்ஸ் உரத்தை அதே ஒரு கிலோ ஊறவைக்கிறார்கள். அதன் சத்துக் கணக்கே வேறு, கரையாத வண்டலும் அதிகம். கிடைக்கும்வரை இரண்டு நாள் பொறுங்கள், அல்லது உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போராக்ஸ் இல்லை என்று கடைக்காரர் போரிக் அமிலம் எடுத்துக் கொடுப்பார். இரண்டும் வெள்ளைத் தூள்தான், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். போராக்ஸில் போரான் சத்து நூற்றுக்குப் பத்தரை பங்கு, போரிக் அமிலத்தில் பதினேழு. அதே 200 கிராம் போட்டால் பயிருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். போரான் குறைந்தால் பருப்புக்குள் பொக்கை விழும், கூடினால் இலையின் ஓரம் தீய்ந்துபோகும். இடைவெளி மிகக் குறுகலான சத்து அது. ஆகவே பொட்டலத்தின் மேல் போராக்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வடித்த பிறகு அடியில் நிற்கும் வண்டலைக் குப்பைக்குழியில் கொட்டலாம், வீணில்லை. காற்று இல்லாத மாலை நேரத்தில் தெளியுங்கள். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, கட்டணம் இல்லாத எண்; தமிழிலேயே பேசலாம்.